நேராக்கிவிட்டால் சரியாகிவிடுமா?

மறுபடியும் ஒரு கேட்டர்ஹாம் செவன், பிரிட்டிஷ்காரர்களின் அந்தக் குட்டி ஸ்போர்ட்ஸ் கார். முன்பக்க இடது மூலையில் அடி. "லேசான அடிதான், சேசிஸை இழுத்து நேராக்கியாச்சு" என்று சொல்லி விற்றிருக்கிறார்கள். புதிய பவுடர் கோட்டிங் பூச்சு பளபளக்கிறது. ரிவெட்டுகளைத் துளைத்து அலுமினியத் தகட்டைக் கழற்றினால், இன்ஜினை ஒட்டி ஓடும் சாய்வுக் குழாய் நடுவில் மடிந்து, திருப்பித் தட்டி நிமிர்த்தப்பட்டிருக்கிறது. எத்தனை முறைதான் இதையே பார்ப்பது?

1957-இல் லோட்டஸ் செவனாக வந்து, 1973-இல் கேட்டர்ஹாம் கைக்குப் போன கார் இது. சேசிஸ் என்பது மெல்லிய எஃகுக் குழாய்க் கூடு, மேலே அலுமினியத் தகடு. 2021-இல் வந்த செவன் 170-இன் எடை 440 கிலோதான். அந்த எடையில் சும்மா இருக்கிற குழாய் என்று ஒன்றுமே கிடையாது.

"இப்போ நேராத்தானே சார் இருக்கு?" என்று கேட்கிறார்கள். நேராக இருப்பதும் வலுவாக இருப்பதும் வேறு வேறு. இந்தக் கூட்டில் ஒவ்வொரு குழாயும் தன் நீளவாக்கில் இழுவையையோ அழுத்தத்தையோ தாங்குகிறது. அழுத்தம் தாங்கும் குழாய் ஒருமுறை மடிந்தால், அந்த இடத்தில் அதன் சுவர் நசுங்கிவிடும். மடிந்த ஸ்ட்ராவை நீவிவிட்டு இரண்டு முனையையும் அழுத்திப் பாருங்கள், அதே இடத்தில்தான் மடியும், முன்பைவிடச் சுலபமாக. கேஸ் வைத்துச் சூடாக்கி நிமிர்த்தினால் இருக்கிற வலுவும் போய்விடும். அடுத்த மோதலில் அந்தக் குழாய்க்குப் பின்னால் இருப்பவை உங்கள் கால்கள்.

"வீல் அலைன்மென்ட் சரியா வந்துடுச்சே" என்பது அடுத்த வாதம். வராமல் என்ன? சஸ்பென்ஷனைத் திருகித் திருகிச் சரிசெய்ய வழி வைத்துத்தானே செய்திருக்கிறார்கள்! சக்கரம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதை அலைன்மென்ட் அளவுத் தாள் சொல்லும். கூடு கோணியிருப்பதைச் சொல்லாது.

பிரிட்டனில் இதை வேறு யாராவது பார்த்துச் சொல்வார்கள் என்றும் நம்பாதீர்கள். 2017 அக்டோபரிலிருந்து, கட்டமைப்பில் அடிபட்டு, ஆனால் சரிசெய்யக்கூடிய வண்டியை இன்ஷூரன்ஸ்காரர்கள் 'கேட் எஸ்' என்று குறிக்கிறார்கள். ஆனால் அது சாலைக்குத் திரும்புவதற்கு முன் பழுதுபார்ப்பைச் சோதிக்கும் கட்டாயம் எதுவும் இல்லை. முன்பு இருந்த விஐசி சோதனையை 2015-இல் நிறுத்திவிட்டார்கள். அதுவும் வண்டி எது என்று அடையாளம் பார்க்கும் சோதனைதான், பழுதைப் பார்ப்பதல்ல. வருடாந்திரத் தகுதிச் சோதனையான எம்ஓடி-யில் தகட்டைக் கழற்ற மாட்டார்கள்.

அடிபட்ட வண்டி கையில் இருந்தால், இன்ஜின், சஸ்பென்ஷன், தகடு எல்லாவற்றையும் இறக்கிவிட்டு வெறும் கூட்டை அளங்கள். மூலைக்கு மூலை அளக்க வேண்டும். அடிபட்ட மூலையை மட்டும் பார்க்காதீர்கள். சக்கரத்தைக் கூட்டோடு இணைக்கும் விஷ்போன் வழியாகப் போன விசை எதிர்ப்பக்கத்துப் பின்மூலை வரைக்கும் போயிருக்கலாம். பவுடர் கோட்டிங்கில் மயிரிழை விரிசல் தெரிந்தால் அடியில் இரும்பு அசைந்திருக்கிறது. மடிந்த குழாயை வெட்டி எறிந்துவிட்டு, கூட்டை அசையாமல் பிடிக்கும் ஜிக்கில் வைத்துப் புதிய குழாயைப் பொருத்துங்கள். பழைய செவன் சேசிஸ்களில் பல வெண்கல பிரேஸிங் செய்தவை, அதாவது மூட்டில் வெண்கலத்தை உருக்கி ஒட்டியவை. அந்த மூட்டின் மேலேயே மிக் எனும் மின்வெல்டிங் வைத்தால், வெண்கலத்திலிருந்து உருகும் செம்பு எஃகுக்குள் இறங்கி விரிசல் விடும். இது தெரியாத வெல்டரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள். மூன்று நான்கு குழாய் போயிருந்தால் புதிய சேசிஸுக்கு விலை கேளுங்கள். கூலியைக் கணக்குப் போட்டால் பெரும்பாலும் அதுதான் மலிவு.

வளைந்த விஷ்போனை நிமிர்த்தவே நிமிர்த்தாதீர்கள், குப்பையில் போடுங்கள். மோதலில் இழுபட்ட சீட் பெல்ட்டும் அப்படித்தான், பார்க்க நன்றாக இருந்தாலும் சரி.

வாங்கப் போகிறவர்களிடம் ஒன்றைக் கெஞ்சிக் கேட்கிறேன். கோட்டிங் போடுவதற்கு முன், தகடு இல்லாமல் எடுத்த படங்களைக் கேளுங்கள். ஒழுங்காக வேலை செய்தவரிடம் நிச்சயம் இருக்கும், கேட்காமலேயே காட்டுவார். "படமெல்லாம் எடுக்கலை" என்றால் அந்த வண்டியை விட்டுவிடுங்கள்.