ஐந்து நட்சத்திரம் ஹொட்டலுக்குத்தான், மலைக்கு இல்லை

ஆஸ்பத்திரிக் கட்டிலில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி: "அண்ணை, பனி சரிஞ்ச இடம் ஸ்கீ ரிசோட்டுக்குள்ளதானே?"

இந்த சீசனில் இதே கேள்வியைக் கேட்கும் மூன்றாவது ஆள் அவர். நான் இங்கே சுவிஸில் ஸ்கீ பழக்குபவன். வகுப்பில் சொல்லிச் சொல்லி வாய் நொந்துவிட்டது, அதனால் எழுதுகிறேன்.

அவர் லண்டனில் இருந்து வந்தவர், நல்ல மனிதர். ஆறேழு வருடமாக ஸ்கீ பழகுகிறார். சிவப்புப் பிஸ்டில், அதாவது நடுத்தரக் கடினமான சமப்படுத்திய பாதையில், ஒழுங்காக வருவார். வருவதற்கு முன் எனக்கு அனுப்பிய குறிப்பில் ஹொட்டலைப் பற்றி இரண்டு பக்கம் இருந்தது. ஸ்பா, வெந்நீர்க் குளம், ஸ்கீ பூட்ஸைச் சூடாக்கி வைக்கும் அறை, பிள்ளைகளுக்கு இரவில் சோறு கிடைக்குமா என்பது வரை. மலையைப் பற்றி ஒரே வரி: "கார்விங்கும் வேணும், எக்ஸ்ட்ரீமும் வேணும்." கார்விங் என்றால் ஸ்கீயின் விளிம்பால் பனியை வெட்டி வளைந்து வளைந்து போவது. எக்ஸ்ட்ரீம் என்றால் பிஸ்டுக்கு வெளியே செங்குத்தில் இறங்குவது. பயண ஏற்பாட்டாளரும் அந்த ஒரு வரியை வைத்தே ஊரைப் பிடித்துக் கொடுத்திருக்கிறார். மூன்றாம் நாள் பின்னேரம், என் வகுப்பு முடிந்த பிறகு, இவர் லிஃப்டில் மேலே போய் இறங்கி, பிஸ்டின் ஓரக் கயிற்றுக்குக் கீழே குனிந்து, முன்னால் யாரோ இருவர் போன தடத்தைப் பிடித்துப் போயிருக்கிறார். பனி ஒரு பலகையாகக் கழன்றது. சின்னச் சரிவுதான், இடுப்பளவுக்கு மூடி இழுத்துக்கொண்டு போய் விட்டுவிட்டது. ஒரு ஸ்கீ இன்னும் கிடைக்கவில்லை. முழங்காலுக்குள் குறுக்காக ஓடும் நார், இங்கே எங்கள் ஆட்களும் குறொய்ஸ்பாண்ட் என்றே சொல்வார்களே, அது அறுந்துவிட்டது. நான் அதை அதிர்ஷ்டம் என்றுதான் சொல்வேன்.

சரி, கேள்விக்கு வருகிறேன். இல்லை தம்பி, அது ரிசோட்டுக்குள் இல்லை.

ஐரோப்பாவில் ரிசோட் என்பது மதில் கட்டிய காணி இல்லை. மலை மலையாகத்தான் கிடக்கிறது. அதன்மேல் நாடா விரித்தது போலச் சில பாதைகள். கம்பம் நட்டு, இரவில் இயந்திரம் ஓட்டிச் சமப்படுத்தி, மேலே தொங்கும் பனியை வெடிவைத்து இறக்கி, பின்னேரம் கடைசி ஆளும் இறங்கிவிட்டாரா என்று ரோந்து போய்ப் பார்க்கும் பாதைகள் அவை. அவற்றுக்குத்தான் பிஸ்ட் என்று பெயர். உங்கள் லிஃப்ட் பாஸுக்குள் அடங்குவது அவ்வளவுதான். கம்பத்துக்கு அப்பால் ஐந்து மீட்டரில் நிற்பதும் ஆளே போகாத பள்ளத்தாக்கில் நிற்பதும் ஒன்றுதான். தலைக்கு மேல் லிஃப்ட் ஓடுகிறதே என்கிறார்கள். லிஃப்ட் ஓடினால் நீங்கள் புதைவதை நாலு பேர் பார்ப்பார்கள், வேறு பலன் இல்லை. தடம் இருந்ததே என்கிறார்கள். இருவரைத் தாங்கிய பனி மூன்றாமவரோடு கழல்வது புதினமில்லை. இங்கே ராத்தங்க ஆயிரம் பிராங்க் கொடுக்கிறோமே என்கிறார்கள். அந்தக் காசு கம்பளத்துக்கும் காலைச் சாப்பாட்டுக்கும் போகிறது ஐயா, பனிக்குப் போகவில்லை.

அமெரிக்காவில் பழகியவர்கள் இதில் கூடுதலாக ஏமாறுகிறார்கள். காரணம் இருக்கிறது. அங்கே எல்லைக்கோட்டுக்குள் திறந்திருக்கும் இடம் முழுவதையும், சமப்படுத்தாத சரிவு உட்பட, ரோந்துக்காரர்கள் பார்த்துத்தான் திறப்பார்கள். ஜாக்சன் ஹோலில் கோர்பெட்ஸ் கூலுவார் என்ற பாறைச் சந்தின் வாயில் குதித்தே இறங்க வேண்டும். அப்படிப்பட்ட இடம்கூட எல்லைக்குள்தான் இருக்கிறது. அந்தப் பழக்கத்தோடு அல்ப்ஸுக்கு வந்தால், கயிற்றுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒன்றுபோலத் தெரியும். சுவிஸில் மஞ்சள் கம்பம் போட்ட தடங்கள் இன்னொரு குழப்பம். திறந்திருக்கும்போது பனிச்சரிவுக்குப் பாதுகாப்பு உண்டு. ஆனால் சமப்படுத்த மாட்டார்கள், கடைசி ரோந்தும் இருக்காது. நாலு மணிக்கு அங்கே கால் முறிந்தால் உங்களைத் தேடி யாரும் வரமாட்டார்கள்.

இனி நிறம். "நான் கறுப்பு ஓடியிருக்கிறேன்" என்று சொல்லாத விருந்தாளி இல்லை. நீலம் ஏறத்தாழ 25% சாய்வு வரை, சிவப்பு 40% வரை. அதற்கு மேல் போனால் கறுப்பு. கறுப்புக்கு மேல்வரம்பு கிடையாது, விசயமே அங்கேதான் இருக்கிறது. 40% என்றால் பாகையில் 22தான். 45 பாகைக்குத்தான் 100% ஆகிறது. பனிப்பலகை கழலும் சரிவுகள் பெரும்பாலும் 30 பாகையில் இருந்து தொடங்குகின்றன. ஆக, நீங்கள் ஓடிய கறுப்பு 24 பாகையாக இருக்கலாம். பிரான்ஸில் கூர்ஷெவெல்லின் சோலீர் உச்சிக்குக் கீழே இருக்கும் பெரிய கூலுவாரும் வரைபடத்தில் அதே கறுப்புத்தான். நிறத்தைப் பார்த்து ஊர் பிடிக்காதீர்கள்.

கார்விங்குக்கும் எக்ஸ்ட்ரீமுக்கும் ஒரே மலை தேடுவது, பரதநாட்டியத்துக்கும் மல்யுத்தத்துக்கும் ஒரே தரை கேட்பது போல. ஒரே ஊரில் இரண்டும் கிடைக்கலாம். ஒரே சரிவில், ஒரே ஸ்கீயில், ஒரே நாளில் கிடைக்காது. கார்விங்குக்கு வேண்டியது அகலம், இறுகிய சமமான பனி, கூட்டமில்லாமை. செங்குத்து வேண்டாம். ஸ்கீயின் விளிம்பு வெட்டிக்கொண்டு போகும்போது வேகம் குறையாது. அதை 30 பாகையில் செய்து பார்க்க வேண்டாம், தயவுசெய்து. என் வகுப்புகளில் நல்ல கார்விங் எல்லாம் காலை எட்டரைக்கும் பத்துக்கும் இடையில், நீலமும் சிவப்பும் கலந்த சரிவில்தான் நடக்கும். பத்தரைக்கு வெந்நீர்க் குளத்தில் இருந்து எழும்பி வருபவருக்குக் கிடைப்பது மேடும் குழியும்.

சுவிஸின் சென் மோரிட்ஸில் கோர்விக்லியா தெற்கே பார்த்த மலை. காலையில் இறுகிய பனி, அகலமான பிஸ்ட், மேலே வெயில். கார்விங் பிரியர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். 1928, 1948 ஒலிம்பிக்ஸ் நடந்த ஊர். ஆண்கள் டவுன்ஹில் ஓட்டத்தின் தொடக்கமான 'ஃப்ரையர் ஃபால்' 100% சாய்வு, அதைக் கீழே நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு வாருங்கள். ஆனால் தெற்குச் சரிவு மார்ச் மதியத்தில் கஞ்சியாகிவிடும். அப்போது எதிர்ப்பக்கம் வடக்கே பார்க்கும் கோர்வாட்ஷ் இருக்கிறது. உங்கள் பயணப் புத்தகத்தில் "வெயில் மிகுந்த சரிவுகள்" என்று புகழ்ந்திருந்தால், எந்த மாதம் என்று கேளுங்கள்.

கூர்ஷெவெல்லும் அப்படித்தான். பிஸ்டைத் துணி தேய்த்தது போல வைத்திருப்பார்கள். பக்கத்துப் பள்ளத்தாக்குகளையும் சேர்த்தால் 600 கிலோமீட்டர். அவ்வளவையும் ஒரு வாரத்தில் ஓட நினைத்து எனக்குச் செய்தி அனுப்பாதீர்கள். ஒஸ்திரியாவின் ஆர்ல்பெர்க்கில் லெக், சூர்ஸ் இரண்டும் அமைதியான வசதியான ஊர்கள், சரிவும் இதமானது. 2016இல் ஃப்ளெக்ஸன் பான் என்ற லிஃப்ட் வந்ததில் இருந்து லிஃப்டாலேயே சென் அன்டன் பக்கம் போய்விடலாம். அங்கே வல்லுகா உச்சிக்கு, 2,811 மீட்டர், ஸ்கீயோடு ஏற வேண்டும் என்றால் கூட வழிகாட்டி இருக்க வேண்டும். அப்படி ஒரு விதி இருப்பது எனக்குப் பெரிய நிம்மதி. இரண்டு ஆசையும் உண்மையாகவே உள்ளவர்களுக்கு நான் சொல்லும் ஊர் இந்தப் பக்கம்தான்.

எக்ஸ்ட்ரீம் என்றால் சுவிஸின் வெர்பியே. அதன் எதிரே நிற்கும் பெக் டெ ரோஸ், 3,223 மீட்டர், அந்தச் சொல்லுக்கு அளவுகோல். 1996 முதல் அங்கே போட்டி நடக்கிறது. உலகத்தின் முதல்தரமான ஆட்கள் வருகிறார்கள். அவர்களே அந்த முகத்தில் முன்கூட்டி ஓடிப் பார்க்க முடியாது. எதிரே நின்று, தூரக்கண்ணாடியால் பாறை பாறையாகப் பார்த்துப் பாதையை மனப்பாடம் செய்கிறார்கள். எங்கள் ஆட்கள் ஆளில்லா விமானம் எடுத்த ஒன்றரை நிமிடக் காணொளியைப் பார்த்துவிட்டு ஊர் பிடிக்கிறார்கள். வெர்பியேயில் நல்ல சிவப்புப் பிஸ்டுகளும் உண்டு. ஆனால் வெறும் கார்விங்குக்கு அங்கே அந்த விலை கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. பிரான்ஸின் ஷமோனிக்ஸ் ஆடம்பரத்துக்குப் பெயர் போன ஊர் இல்லை. மலைதான் அங்கே எல்லாம். ஏகுய் டு மிடி நிலையத்தில் இருந்து சுமார் 20 கிலோமீட்டர் இறங்கும் வலே பிளாஞ்ச் பாதை அவ்வளவு செங்குத்தில்லை, ஆனால் ஓடுவது பனியாற்றின்மேல். பனிப்பிளவுக்குள் விழுபவர்கள் பலர் ஸ்கீயைக் கழற்றி நிழற்படத்துக்கு நின்றவர்கள் என்று வழிகாட்டி நண்பர்கள் அலுத்துக்கொள்வார்கள்.

தமிழ்நாட்டில் இருந்து எழுதுபவர்கள் காஷ்மீரின் குல்மார்க்கைக் கேட்கிறார்கள். அங்குள்ள கண்டோலா, அதாவது கம்பியில் ஓடும் கூண்டு, அஃபர்வாட் மலையில் ஏறக்குறைய 4,000 மீட்டர் வரை ஏற்றிவிடும். பொடிப்பனிக்கு அருமையான மலை. சமப்படுத்திய பிஸ்ட் கொஞ்சம்தான், எனவே கார்விங்குக்கு அங்கே போகாதீர்கள். 2023 பெப்ரவரியில் போலந்துக்காரர் இருவரும், 2024 பெப்ரவரியில் ஒரு ரஷ்யரும் அங்கே பனிச்சரிவில் இறந்தார்கள்.

ஹெலிகொப்டரில் மேலே போய் ஸ்கீயில் இறங்க வேண்டும் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை: பிரான்ஸில் 1985 சட்டத்தோடு தடை. ஒஸ்திரியாவில் ஆர்ல்பெர்க்கில் மட்டும்தான் நடந்துவந்தது. சுவிஸில் குறித்த இறங்குதளங்களில் உண்டு. ஹொட்டல் வரவேற்பில் சண்டை போட்டு ஒன்றும் ஆகாது.

இனி ஊர் பிடிக்கும் முன். முதலில் உங்கள் வாரத்தை எண்ணுங்கள். ஆறு நாளில் ஐந்து நாள் பிஸ்டில்தான் நிற்கப் போகிறீர்கள் என்றால் ஐந்து நாளுக்கு ஏற்ற ஊரைப் பிடியுங்கள். ஆறாவது நாளுக்கு, உரிமம் பெற்ற மலை வழிகாட்டி ஒருவரை, ஹொட்டலைப் பதிவு செய்வதற்கும் முன்பே, பதிவு செய்யுங்கள். பெப்ரவரிப் பள்ளி விடுமுறையில் கடைசி நேரத்தில் ஆள் கிடைக்காது.

ஸ்கீ கடையில் பொய் சொல்லாதீர்கள். நிறையைக் குறைத்துச் சொன்னால் பூட்ஸை ஸ்கீயோடு பிடித்து வைக்கும் பிணைப்பு வேண்டாத இடத்தில் கழலும், திறமையைக் கூட்டிச் சொன்னால் வேண்டிய இடத்தில் கழலாது. இரண்டாவதற்கு விலை உங்கள் முழங்கால். கார்விங் ஸ்கீயின் இடுப்பு, அதாவது நடு அகலம், 75 மில்லிமீட்டருக்குள், பொடிப்பனிக்கு 100 பக்கம். "எல்லாவற்றுக்கும் ஒன்று" என்று தருவதை வாங்காமல், நடுவில் மாற்றிக்கொள்ளுங்கள்.

சுவிஸில் பனிச்சரிவு அறிக்கை மாலை ஐந்துக்கும் காலை எட்டுக்கும் வரும், டாவோஸில் இருந்து. ஆபத்தை ஐந்து படியாகச் சொல்வார்கள். ஐந்தில் மூன்று என்றால் நடுத்தரம், சமாளிக்கலாம் என்று நினைக்கிறீர்கள். இங்கே பனிச்சரிவுச் சாவுகளில் ஏறக்குறைய பாதி அந்த மூன்றில்தான். பத்தில் ஒன்பது தடவை சரிவைக் கிளப்புபவர் அதில் சிக்குபவரோ கூட வந்தவரோதான். புதைந்தவரைத் தேடும் கருவி, மண்வெட்டி, பனிக்குள் குத்திப் பார்க்கும் துளைகோல் மூன்றும் உங்களிடம் மட்டும் இருந்தால் போதாது, கூட வருபவரிடமும் இருக்க வேண்டும். புதைந்தவருக்கு முதல் பத்துப் பதினைந்து நிமிடம்தான். ஹெலிகொப்டர் அதற்குள் வராது, வெட்டி எடுப்பது நீங்கள்தான். பனிச்சரிவில் ஊதி விரியும் காற்றுப்பை வாங்கிவிட்டேன் என்று நெஞ்சை நிமிர்த்துபவர்கள் அதன் கைப்பிடியை வீட்டில் ஒருமுறையாவது இழுத்துப் பழகுங்கள்.

காப்புறுதிப் பத்திரத்தில் "பிஸ்டுக்கு வெளியே" என்ற சொற்களைத் தேடிப் பாருங்கள். பல பத்திரங்களில் அது விலக்கப்பட்டிருக்கும். லண்டன்காரருடையதிலும் அப்படித்தான்.

சுவிஸில் மீட்பு ஹெலிகொப்டருக்கு 1414 (வெர்பியே இருக்கும் வலே மாநிலத்தில் 144), ஐரோப்பா எங்கும் 112. எல்லாவற்றையும் இப்போதே கைபேசியில் போட்டு வையுங்கள். தடித்த கையுறையோடு, நடுங்கும் விரலால், அங்கே நின்று தேட முடியாது.