கோமாவில் கிடக்கும் மூளையின் அலைகள்

வேலூரில் தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் காத்திருப்பவர்கள், குடியாத்தத்திலிருந்து வந்தாலும் ஆரணியிலிருந்து வந்தாலும், முதலில் கேட்பது "நினைவு திரும்புமா, டாக்டர்?" என்பதுதான். மாரடைப்பில் இதயம் நின்று, மீண்டும் துடிக்கவைக்கப்பட்டு, கோமாவில் கிடப்பவரைப் பொறுத்தவரை அதற்கான விடையில் ஒரு பங்கை, மூளையின் மின்னலைகளைக் காட்டும் இ.இ.ஜி. பதிவு தருகிறது.

தலையில் பசை தடவி ஒட்டப்படும் சுமார் 20 மின்முனைகள், மூளைப் புறணியின் நரம்பணுக்கள் பெருந்திரளாக ஒருசேர இயங்கும்போது எழும் மின்னழுத்த மாற்றங்களைப் பதிகின்றன. ஜெர்மானிய மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் 1924-இல் முதன்முதலாக மனித மூளையிலிருந்து பதிந்த இந்த அலைகள் மைக்ரோவோல்ட் அளவினவே என்பதால், பக்கத்திலுள்ள கருவிகளின் மின்சாரம்கூடப் பதிவில் கலந்துவிடும்.

கண்மூடி விழித்திருப்பவரிடம் விநாடிக்கு 8 முதல் 13 வரை எழும் ஆல்ஃபா அலைகள், மூளை பாதிக்கப்படும்போது தீட்டா, டெல்டா எனப்படும் மெதுவான அலைகளாக வேகம் குறைகின்றன. இதயம் மீண்ட முதல் 12 மணி நேரத்துக்குள் அலைகள் இடைவிடாது ஓடத் தொடங்குவது நல்ல அறிகுறி. ஒரு நாள் கடந்தும் 10 மைக்ரோவோல்ட்டுக்குக் கீழே அடங்கிக் கிடப்பதும், நீண்ட மௌனத்துக்கிடையே திடீர் வெடிப்புகளாக மட்டும் தோன்றுவதும் கவலைக்குரியவை.

ஆனால் அலையின் வடிவத்தை மட்டும் பார்ப்பது போதாது என்பதே என் கருத்து. ஆகவேதான் பதிவின் நடுவே நோயாளியின் பெயரைக் காதருகே உரக்கச் சொல்லியும், கைதட்டியும், நகக்கண்ணைப் பேனாவால் அழுத்தியும், அந்தக் கணத்தில் அலை மாறுகிறதா என்று பார்க்கிறார்கள். எதற்கும் அசையாத ஆல்ஃபா அலை, பார்வைக்கு விழித்திருப்பவரின் பதிவைப் போலவே தோன்றினாலும், ஆழ்ந்த பாதிப்பைக் குறிக்கலாம்.

இதற்கு நேரெதிரான நிலை வட ஆர்க்காட்டுக் கிராமங்களுக்குப் புதிதல்ல. இரவில் தரையில் படுத்துறங்கும்போது கட்டுவிரியன் தீண்டினால், நஞ்சு நரம்புக்கும் தசைக்குமான தொடர்பை முடக்கிவிடுகிறது. இமை தூக்காது, மூச்சுக்கு வென்டிலேட்டர் வேண்டும், கண்மணிகூட விரிந்து ஒளிக்குச் சுருங்காமல் நிற்கலாம். மூளைச்சாவு என்றே எண்ணத் தோன்றும் அந்த உடலில், பெயர் சொன்னதும் மாறும் இயல்பான அலைகள் ஓடிக்கொண்டிருக்கக்கூடும். அத்தகையவரின் கட்டிலருகே நின்று பேசுவோர் அவர் கேட்கிறார் என்று எண்ணியே பேச வேண்டும்.

புரோப்போஃபால், மிடசோலம் போன்ற மயக்க மருந்துகளும் அலைகளை அடக்குவதால், அவற்றின் தாக்கம் நீங்காமல் எடுத்த பதிவை வைத்து முடிவு சொல்லக் கூடாது. இதயம் நின்று மீண்டவர்களுக்கு, பொதுவாக 72 மணி நேரம் கடந்த பின்னரே, கண்மணியின் ஒளி எதிர்வினை, கைநரம்பைத் தூண்டும்போது மூளையில் எழும் மின்னலை, ஸ்கேன் ஆகியவற்றோடு இ.இ.ஜி.யையும் சேர்த்து எடைபோடுகிறார்கள். இவை ஒன்றோடொன்று முரண்பட்டால், கணிப்பைத் தள்ளிவைத்துச் சில நாள் கழித்து மறுபடியும் சோதிப்பார்கள்.