கிராபிக்ஸ் கார்டு மாற்றுவதில் 75 வாட் கணக்கு

முழுதாகப் பூட்டி விற்கப்படும் கணினியில் புதிய கிராபிக்ஸ் கார்டு போட நினைப்பவர்கள் முதலில் அதன் வேகத்தையும் நினைவகத்தையும்தான் பார்க்கிறார்கள். ஆனால் அந்தப் பெட்டிக்குள் எந்தக் கார்டு ஓடும் என்பதை முடிவு செய்வது, அதற்கு மின்சாரம் வந்து சேரும் வழியே.

மதர்போர்டிலுள்ள நீளமான பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட், தரவோடு மின்சாரத்தையும் கார்டுக்குக் கொடுக்கிறது. அதன் உச்ச வரம்பு 75 வாட். அதில் 66 வாட் 12 வோல்ட்டிலும், எஞ்சியது 3.3 வோல்ட்டிலும் வருகிறது. சில சிறிய கேபினட்களில் இந்த வரம்பு இன்னும் குறைவாக இருக்கும் என்பதால் தயாரிப்பாளரின் கையேட்டைப் பார்ப்பது அவசியம். அதற்கு மேல் தேவைப்படும் கார்டுக்கு கணினியின் மின்வழங்கியான எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து நேரடி கேபிள் வேண்டும்: அதன் முனையில் 6 பின் (இணைப்பு ஊசி) என்றால் 75 வாட், 8 பின் என்றால் 150 வாட்.

2013இல் வந்த டெல் ஆப்டிபிளெக்ஸ் 9020 டவரை எடுத்துக்கொள்வோம். அதன் 290 வாட் எஸ்எம்பிஎஸ் அலுவலக வேலைக்கென்று அளவிடப்பட்டது. அதைக் கழற்றிவிட்டுப் பெரியதை மாட்டவும் எளிதில் முடியாது. பொதுச் சந்தையில் கிடைப்பவற்றின் 24 பின் இணைப்புக்குப் பதிலாக, அந்த மதர்போர்டு தனக்கே உரிய 8 பின் இணைப்பைக் கேட்கிறது.

இந்த இடத்தில்தான், 6 பின் கேபிள் இல்லாத குறையைத் தீர்க்க, பலர் ஹார்டு டிஸ்க்குக்கு வரும் சாட்டா மின்கேபிளை 6 பின்னாக மாற்றித் தரும் அடாப்டரை வாங்கிவிடுகிறார்கள். அதை யாரும் பயன்படுத்தக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து. சாட்டா இணைப்பில் 12 வோல்ட்டுக்கு மூன்று பின்கள் மட்டுமே உள்ளன, ஒவ்வொன்றும் 1.5 ஆம்பியர் தாங்கும் என்றால் மொத்தம் 54 வாட். கார்டு 75 வாட் வரை இழுக்கும்போது அந்த மெல்லிய தொடுமுனைகளில் பிறக்கும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்வதால், பிளாஸ்டிக் உருகிப் பின்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் அபாயம் உண்டு.

ஆகவே தனி கேபிளே கேட்காத கார்டுகள்தான் சரியான தேர்வு. என்விடியாவின் 6 ஜிபி ஆர்டிஎக்ஸ் 3050 கார்டுக்கு 70 வாட் போதும். ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6400 கார்டுக்கு 53 வாட்டே போதும் என்றாலும், அது தரவுக்கு நான்கு தடங்களை மட்டுமே பயன்படுத்துகிறது. நான்காம் தலைமுறை பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டில் அந்தத் தடங்கள் நொடிக்குச் சுமார் 8 ஜிபி கடத்தும்; 9020 போன்ற மூன்றாம் தலைமுறைக் கணினியில் அது பாதியாகிறது. கார்டின் 4 ஜிபி நினைவகம் நிரம்பி, விளையாட்டின் காட்சித் தரவு கணினியின் ரேமிலிருந்து வர வேண்டிய தருணங்களில், அந்த இழப்பு திரையில் திக்கலாகவே தெரியும்.