504 என்கிறது என்ஜின்எக்ஸ், 200 என்கிறது அப்ளிகேஷன்

ஒரு இணையதளத்தில் வருடாந்திர அறிக்கையைக் கேட்டு ஒருவர் பொத்தானை அழுத்துகிறார். மணி 10:00:00. அதைத் தயாரிக்க 75 நொடி ஆகும். முன்னால் நிற்கும் என்ஜின்எக்ஸ் வெப் சர்வர், அந்த வேலையைப் பின்னால் உள்ள அப்ளிகேஷனிடம் தள்ளிவிட்டுக் காத்திருக்கிறது. அப்ளிகேஷனிடமிருந்து 60 நொடி தொடர்ந்து ஒரு பைட் கூட வராவிட்டால் இணைப்பைத் துண்டித்துவிட வேண்டும் என்பது அதன் இயல்பான அமைப்பு. 10:01:00க்கு அது தன் லாகில், அதாவது நடப்பதைப் பதிந்துவைக்கும் கோப்பில், 504 (பின்னாலிருந்து நேரத்துக்குப் பதில் வரவில்லை) என்று எழுதி முடித்துவிடுகிறது. அப்ளிகேஷனுக்கு இது தெரியாது. அது பாட்டுக்கு வேலையைச் செய்து, 10:01:15க்கு ‘அறிக்கை தயார், 200’ என்று தன் லாகில் எழுதுகிறது. 200 என்றால் எல்லாம் சரி என்று பொருள்.

மறுநாள் இரண்டு லாகையும் விரித்து வைத்துக்கொண்டு சண்டை தொடங்கும். சர்வரைப் பார்த்துக்கொள்பவர் ‘உங்க கோடு செத்துப்போச்சு’ என்பார், கோடு எழுதியவர் ‘எங்க பக்கம் எல்லாம் பச்சை’ என்பார். இரண்டு லாகும் பொய் சொல்லவில்லை. ஒன்று பயனருக்குப் போய்ச் சேர்ந்ததை எழுதுகிறது, மற்றொன்று தான் செய்து முடித்ததை எழுதுகிறது. பயனர் பொறுமையிழந்து பிரவுசரை மூடிவிட்டால் என்ஜின்எக்ஸ் 499 என்று போடும். எச்டிடிபி என்ற இணையப் பரிமாற்றத் தரத்தில் இல்லாத எண் அது, என்ஜின்எக்ஸ் தனக்காக வைத்துக்கொண்டது. அப்ளிகேஷன் லாகில் அதற்கு நேராகப் பெரும்பாலும் 200தான் இருக்கும். கேட்டவர் போய்விட்டார் என்பது பதிலை அனுப்பும்போதுதான் பல அப்ளிகேஷன்களுக்குத் தெரியும், சிலவற்றுக்கு அப்போதும் தெரியாது.

நேரக் கணக்கில் குழப்பம் இன்னும் அதிகம். என்ஜின்எக்ஸின் அக்சஸ் லாகில், அதாவது வந்த கோரிக்கைகளின் பதிவில், வழக்கமாக இருப்பது கோரிக்கை முடிந்த நேரம். அப்பாச்சி என்ற மற்றொரு வெப் சர்வரின் வழக்கமான வடிவத்திலோ கோரிக்கை வந்த நேரம் இருக்கும், ஆனால் வரி எழுதப்படுவது முடிந்த பிறகுதான். ஆகவே நம் அறிக்கைக் கோரிக்கையை என்ஜின்எக்ஸ் லாகில் 10:00:00க்குத் தேடினால் கிடைக்காது. போதாக்குறைக்கு, டாக்கர் கன்டெய்னர் என்ற தனிப்பெட்டிக்குள் ஓடும் அப்ளிகேஷன் பெரும்பாலும் யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் எழுதும், அதாவது நம்மைவிட ஐந்தரை மணி நேரம் பின்னால். என்ஜின்எக்ஸ் அக்சஸ் லாகில் +0530 என்று அந்த வித்தியாசத்தைப் போட்டுவிடுகிறது. அதே என்ஜின்எக்ஸ் தன் எரர் (பிழை) லாகில் அதைப் போடுவதில்லை! ஏன் இப்படி வைத்தார்களோ.

நேரத்தை வைத்துப் பொருத்திப் பார்ப்பதை விட்டுவிடுவதே நல்லது. 1.11.0 பதிப்பிலிருந்து என்ஜின்எக்ஸ் ஒவ்வொரு கோரிக்கைக்கும் 32 எழுத்துள்ள அடையாள எண் ஒன்றை உருவாக்கித் தருகிறது. அதைத் தன் லாகில் எழுதச் சொல்லி, கோரிக்கையோடு போகும் ஹெடர் வழியாக அப்ளிகேஷனுக்கும் அனுப்பி, அங்கேயும் ஒவ்வொரு வரியிலும் எழுத வைத்தால் பாதிச் சண்டை ஓய்ந்துவிடும்.

மீதிப் பாதி நள்ளிரவில் நடப்பது. லாக் பெருத்துக்கொண்டே போகாமலிருக்க, லாக்ரொட்டேட் என்ற நிரல் தினமும் பழைய கோப்பின் பெயரை மாற்றிப் புதியதைத் திறந்துவைக்கும். ஆனால் லினக்ஸில் ஒரு நிரல் கோப்பைத் திறந்த பிறகு பெயரைத் திரும்பிப் பார்ப்பதில்லை, ஐநோடு என்ற உள் அடையாளத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும். பெயர் மாறினாலும் பழைய கோப்பிலேயே எழுதும். என்ஜின்எக்ஸுக்கு யுஎஸ்ஆர்1 என்ற சிக்னல் போகும், அது புதிய கோப்புக்கு மாறிக்கொள்ளும். அப்ளிகேஷனுக்கு யாரும் சொல்வதில்லை. பழைய கோப்பைச் சுருக்கி அழித்த பிறகும் அது அந்தக் கண்ணுக்குத் தெரியாத கோப்பிலேயே எழுதிக்கொண்டிருக்கும். வட்டின் மொத்த நிலவரத்தைக் காட்டும் டிஎஃப் கட்டளை வட்டு நிறைந்துவிட்டது என்னும், கண்ணுக்குத் தெரியும் கோப்புகளைக் கூட்டிப் பார்க்கும் டியு கட்டளை இடம் இருக்கிறது என்னும். எல்எஸ்ஓஎஃப் கட்டளையைப் போட்டால்தான் அழிக்கப்பட்டும் திறந்திருக்கும் கோப்பு தெரியவரும்.

சரி, அப்ளிகேஷனே கோப்பை மாற்றிக்கொள்ளட்டும் என்றால் வேறு வம்பு. குறித்த நேரத்தில் லாக் கோப்பை மாற்றும் பைத்தானின் நேரமுறை ஹேண்ட்லரை நான்கு வொர்க்கர்களோடு, அதாவது ஒரே அப்ளிகேஷனின் நான்கு தனித்தனி பிராசஸ்களோடு, ஓட்டினால், நள்ளிரவில் முதல் வொர்க்கர் நேற்றைய லாகைத் தேதி போட்டு ஒதுக்கும். இரண்டாவது வொர்க்கரும் அதே வேலைக்கு வரும். அந்தப் பெயரில் கோப்பு ஏற்கெனவே இருப்பதைப் பார்த்து, நெடுநாள் புழக்கத்திலிருந்த பதிப்புகளில் அதை அழித்துவிட்டு, புதிய கோப்பின் இரண்டு மூன்று வரிகளுக்கு அந்தப் பெயரைச் சூட்டிவிடும். நேற்று முழுக்க எழுதியது போயே போச்சு. ஒரே கோப்பில் பல பிராசஸ்கள் எழுதுவதை ஆதரிப்பதில்லை என்று பைத்தான் ஆவணத்திலேயே இருக்கிறது, யார் படிக்கிறார்கள்?

அதனால்தான் இப்போது பலர் அப்ளிகேஷனைக் கோப்பையே தொடவிடுவதில்லை. அது திரைக்கு எழுதுவதுபோல் எழுதினால் போதும், லினக்ஸில் சேவைகளை நடத்தும் சிஸ்டம்டியின் ஜர்னல் என்ற பொது லாக் வாங்கிக்கொள்ளும். என் ஓட்டும் இதற்கே. ஆனால் ஜர்னலுக்கும் ஒரு வரம்பு உண்டு. ஒரு சேவைக்கு 30 நொடியில் 10,000 வரி என்பது இயல்பான அளவு, வட்டில் இடம் நிறைய இருந்தால் இது கூடும். தாண்டினால் மீதியைத் தள்ளிவிட்டு, இத்தனை வரிகள் விடப்பட்டன என்று பிறகு ஒரு குறிப்பை எழுதும். அப்ளிகேஷன் உடைந்து பிழைச்செய்திகளைக் கொட்டுகிற நேரத்தில்தான் இந்த வரம்பு எட்டும். ஜர்னலை நடத்தும் ஜர்னல்டி நிரலின் அமைப்புக் கோப்பில் அந்த எண்ணை முன்கூட்டியே உயர்த்தி வைத்துக்கொள்ளலாம்.