சோதனையே எழுதித் தரும் கையேடு

திருகோணமலைப் பக்கம், நிலாவெளிக் கரையிலிருந்து புறாமலைத் தீவுக்குப் போகும் வள்ளங்களில் இடம் பதிவதற்கு ஒரு சிறிய மென்பொருளை நாங்கள் மூன்று பேர் சேர்ந்து எழுதினோம். சேவையகம் என் பொறுப்பு. கைபேசிச் செயலியை எழுதிய தம்பி மூதூரில் இருந்தார். எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்தது ஏபிஐ (செயலியும் சேவையகமும் பேசிக்கொள்ளும் வழி) ஆவணம் ஒன்றுதான்: எந்த முகவரிக்குக் கோரிக்கை போக வேண்டும், அதில் என்னென்ன ஃபீல்ட் (தகவல் கட்டம்) இருக்க வேண்டும், பதிலாக என்ன வரும் என்று நான் கையால் தட்டி வைத்த பத்துப் பக்கம்.

ஒரு நாள் 'ஆட்கள்' என்ற ஃபீல்டை 'பெரியவர்', 'சிறுவர்' என்று இரண்டாகப் பிரித்தேன். நிரலை மாற்றினேன், அது சரியாக ஓடுகிறதா என்று தானே பார்க்கும் சோதனை நிரல்களையும் மாற்றினேன். ஆவணத்தை மறந்துவிட்டேன். அந்தத் தம்பி இரண்டு நாளாக 400 என்ற பிழை எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். பிழை தன் பக்கம்தான் என்று நினைத்து என்னிடம் கேட்கவும் இல்லை. எனக்கு அது இன்னும் மனவருத்தம்தான்.

இத்தனைக்கும் அதே தகவல் என்னிடம் இன்னோர் இடத்தில் சரியாகவே இருந்தது: ஒருங்கிணைப்புச் சோதனைகளில். அலகுச் சோதனை நிரலின் ஒரு சிறு துண்டை மட்டும் தனியே எடுத்துப் பார்க்கும். ஒருங்கிணைப்புச் சோதனையோ வெளியாள் மாதிரி வாசலில் வந்து நிற்கும். இணையத்தில் பேசும் முறையான எச்டிடிபியில் கோரிக்கை ஒன்றை அனுப்பும். அது சரிபார்ப்பு, கணக்கு, தரவுத்தளம் எல்லாவற்றையும் கடந்து பதிலாகத் திரும்பி வரும். 'உருவாக்கியாயிற்று' என்று பொருள்படும் 201 வந்ததா, பதிவு எண் இருக்கிறதா என்று பார்க்கும். செயலி எழுதுபவர் ஆவணத்தில் தேடுவதும் இந்தக் கோரிக்கையையும் பதிலையும்தானே? சோதனை ஓடும்போதே இரண்டையும் பிடித்து ஒரு கோப்பில் எழுதிவிடலாம்.

ஜாவா நிரல்மொழியில் இதைச் செய்யும் கருவி ஸ்ப்ரிங் ரெஸ்ட் டாக்ஸ். அதன் 1.0 பதிப்பு 2015இல் வந்தது. ஒவ்வொரு சோதனை ஓடும்போதும், போன கோரிக்கை, வந்த பதில், அதையே முனையத்தில் தட்டிப் பார்க்க ஒரு கர்ல் கட்டளை என்று சிறு துணுக்குகளை அது எழுதி வைக்கும். விளக்க உரையை நாம் எழுதி, வேண்டிய இடத்தில் இந்தத் துணுக்கு வரட்டும் என்று குறித்துவிட்டால், அஸ்கிடாக்டர் என்ற ஆவணக் கருவி இரண்டையும் கோத்து இணையப் பக்கமாக்கித் தரும்.

எனக்கு மிகவும் பிடித்தது அதன் கறார். ஒவ்வொரு ஃபீல்டுக்கும் ஒரு வரி விளக்கத்தைச் சோதனைக்குள்ளேயே எழுத வேண்டும். விளக்கம் இல்லாத ஃபீல்ட் ஒன்று வந்தால் சோதனை தோற்கும். விளக்கம் எழுதிய ஃபீல்ட் வராமல் போனாலும் தோற்கும். 'இது சில வேளை வராது' என்று முன்பே குறித்திருந்தால் மட்டும் விட்டுவிடும். 'ஆட்கள்' ஃபீல்டைப் பிரித்த அன்று இது என்னிடம் இருந்திருந்தால், அந்த நிமிடமே என் திரையில் சிவப்பு விழுந்திருக்கும்.

ஏபிஐயை விவரிக்கும் பொது வடிவமான ஓபன்ஏபிஐ பக்கம் இருப்பவர்கள் பலர் நிரலின் மேலேயே குறிப்புகளை எழுதி, அவற்றிலிருந்து ஆவணம் எடுக்கிறார்கள். வேகமான வழி, ஃபீல்ட் பெயர்களும் வகைகளும் பெரும்பாலும் சரியாகவே வரும். ஆனால் அதில் வரும் எடுத்துக்காட்டை யாரும் ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும் என்றில்லை. கன்னியா வெந்நீர்க் கிணறுகள் ஏழிலும் ஒரே சூடு இல்லை. எந்தக் கிணறு எவ்வளவு சூடு என்று, வாளியை இறக்கி மொண்டு ஊற்றிப் பார்த்தவர் சொன்னால்தான் நான் நம்புவேன்.

சரி, இதன் குறைகளையும் சொல்ல வேண்டும். சோதனை எழுதாத வழி ஆவணத்தில் வராது. வள்ளம் நிரம்பிவிட்டால் 409, இல்லாத பதிவைக் கேட்டால் 404 என்று தோல்விகளுக்கும் நாமே சோதனை எழுதியாக வேண்டும். ஒரு விதி ஏன் இருக்கிறது என்பதையும் சோதனை சொல்லாது. அதை மனிதர் உட்கார்ந்து எழுத வேண்டும். அப்புறம், கோரிக்கையின் தலைப்பில் போகும் நுழைவுச் சாவி அப்படியே துணுக்கில் பதிந்துவிடும். எழுதுவதற்கு முன் அதை நீக்கச் சொல்ல வேண்டும்.

எங்களை அதிகம் படுத்தியது கடிகாரம். மாரி காலத்தில் கடல் கொந்தளிப்பதால், அந்த மாதங்களில் பதிவை ஏற்காதபடி விதி வைத்திருந்தோம். சோதனையில் பயணத் திகதியாக 'நாளை' என்று கொடுத்திருந்தேன். ஜூலையில் எழுதிய சோதனை டிசம்பரில், நிரலில் ஒரு வரிகூட மாறாமல், தோற்றது. சோதனை தோற்றால் ஆவணமும் வெளிவராது. அதன் பிறகு சோதனைக்கென்று கடிகாரத்தை ஜூலை 15இல் நிறுத்தி வைத்தோம். எழுந்தமானமாக வரும் பதிவு எண்ணையும் நிலையாக்கினோம். இல்லாவிட்டால் ஒவ்வொரு தடவையும் ஆவணம் காரணமில்லாமல் மாறியதாகத் தெரியும். மாரிக்கென்று டிசம்பர் 10இல் நிற்கும் கடிகாரத்துடன் இன்னொரு சோதனை எழுதினேன். 'கடல் சரியில்லை, பதிவு இல்லை' என்ற பதில் அதிலிருந்துதான் ஆவணத்துக்குப் போகிறது. மூதூர்த் தம்பி செயலியில் அந்த அறிவிப்புத் திரையை அந்தத் துணுக்கைப் பார்த்துத்தான் செய்தார்.