பிணக்கு இருக்க மோதல் எதற்கு?

ஆங்கிலத்துக் கான்ஃப்ளிக்ட் மேனேஜ்மென்ட்டை ‘மோதல் மேலாண்மை’ என்று தமிழாக்கிக் கொட்டை எழுத்தில் அச்சடித்த பேனரைப் போன மாதம் மறுபடியும் பார்த்தேன். மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கான ஒருநாள் பயிற்சி அது. இப்படிப்பட்ட பயிற்சிகளுக்குப் பாடக் குறிப்புகளைத் தமிழில் எழுதித் தருவது என் வேலைகளில் ஒன்று, அதனால் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். பயிற்சி தர வந்தவர் நல்ல மனிதர், பொறுமையாகப் பேசுபவர். கையில் இருந்த தாளைப் பார்த்து முதல் கேள்வியைக் கேட்டார்: “உங்கள் குழுவுக்குள் என்னென்ன மோதல்கள் இருக்கின்றன?”

முப்பது பேர் இருந்த இடத்தில் ஒரு சத்தம் இல்லை. அப்புறம் முன்வரிசையில் இருந்த ஓர் அம்மா கொஞ்சம் பதறிப்போய், “அய்யோ, எங்க குழுவுல மோதல் எல்லாம் கிடையாது சார், ஒத்துமையாத்தான் இருக்கோம்” என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். பயிற்சி தந்தவரும் தாளில் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

டீ குடிக்கும்போது அதே அம்மா என் பக்கத்தில் வந்து நின்றார். “அந்தப் பச்சைச் சேலைக்காரி இருக்காளே தம்பி, அவளும் எங்க ஓரகத்தியும் மூணு மாசமா முகம் பார்க்கிறதில்லை. ஒருத்தி கையெழுத்துப் போட்டுட்டுக் கிளம்பின பிறகுதான் இன்னொருத்தி உள்ளே வருவா.” ஏன் என்று கேட்டேன். கடன் தவணை ஒரு மாதம் தள்ளிப்போனதில் ஆரம்பித்திருக்கிறது. அதை மனதில் வைத்துக்கொண்டு காதுகுத்துக்குப் பத்திரிகை வைக்கவில்லை. வைக்காததைப் பற்றிக் குழாயடியில் ஒரு வார்த்தை விழுந்து, அது மூன்று வாய் மாறித் திரும்பி வந்திருக்கிறது. “இதைத்தானேம்மா அவர் காலையில கேட்டார்?” என்றேன். “அவரு மோதல்னுல்ல கேட்டாரு” என்றார் அவர்.

அவர் சொன்னதில் எந்தத் தவறும் இல்லை. மோதல் என்றால் நம் காதில் என்ன விழுகிறது? லாரியும் பஸ்ஸும் நேருக்கு நேர் மோதின. இரு தரப்பினர் மோதல், ஐவர் காயம், போலீஸ் குவிப்பு. கிரிக்கெட்டில் ‘இந்தியா – ஆஸ்திரேலியா இன்று மோதல்’ என்று போடும்போதுகூட ஒருவர் ஜெயித்து இன்னொருவர் தோற்கும் ஆட்டம்தான் கண்முன் நிற்கிறது. ஏதாவது உடைய வேண்டும், இல்லாவிட்டால் யாராவது தோற்க வேண்டும். அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு கேட்டால், மூன்று மாதமாகப் பேச்சுவார்த்தை இல்லாத இருவரைப் பற்றி யாரும் வாய் திறக்க மாட்டார்கள். சொல் தப்பானதால் ஒரு நாள் பயிற்சியே வீணாய்ப் போனதை நேரில் பார்த்த பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

ஆங்கிலத்தில் கான்ஃப்ளிக்ட். லத்தீனில் கான்ஃப்ளிகெரே, அதாவது சேர்ந்து அடித்தல், ஒன்றோடொன்று அடித்துக்கொள்ளுதல். வரலாறு அவ்வளவுதான். கான்ஃப்ளிக்ட்டுக்கு மோதல்தான் சரி என்கிற கட்சிக்காரர்கள் முதலில் இதைத்தான் எடுத்துப் போடுவார்கள், வேர்ப்பொருள் அச்சு அசலாகப் பொருந்துகிறதே என்று. பொருந்துகிறது, சரி. ஆனால் நாம் மொழிபெயர்ப்பது இன்று புழங்கும் சொல்லை, அதன் பாட்டனை இல்லை. தகராறு என்று சொல்கிறோம். அரபியில் தக்ரார் என்றால் திரும்பத் திரும்பச் செய்தல். உருது வழியாக நம்மிடம் வந்து சேர்ந்தது. வரப்புத் தகராறு என்றதும் ‘வரப்பு, திரும்பத் திரும்ப’ என்றா புரிந்துகொள்கிறோம்? வேர் எங்கேயோ இருக்கட்டும், ஊரில் அந்தச் சொல் என்ன வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டாமா?

ஆங்கிலத்திலேயே இந்தச் சொல் அடிதடியை விட்டு நகர்ந்து ரொம்ப நாளாகிவிட்டது. 1925இல் அமெரிக்காவில் மேரி பார்க்கர் ஃபாலெட் என்ற மேலாண்மைச் சிந்தனையாளர் இதைப் பற்றி ஓர் உரை நிகழ்த்தினார். கான்ஃப்ளிக்ட்டை நல்லதென்றோ கெட்டதென்றோ முன்கூட்டியே தீர்மானிக்காதீர்கள், அதைப் போராக நினைக்காதீர்கள், இருவருக்கு இடையில் உள்ள வேறுபாடு வெளியே தெரிவதாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள் என்பது அவர் பேச்சின் சாரம். அதில் அவர் சொன்ன ஒரு சின்ன சம்பவம் உண்டு. ஹார்வர்ட் நூலகத்தில் ஒரு சிறிய அறை. அங்கே இருந்த இன்னொருவருக்கு ஜன்னல் திறந்திருக்க வேண்டும், ஃபாலெட்டுக்கு மூடியிருக்க வேண்டும். கடைசியில் ஆளில்லாத பக்கத்து அறையின் ஜன்னலைத் திறந்தார்கள். அவருக்கு வேண்டியது காற்று, இவருக்கு வேண்டியது வடகாற்று தன்மேல் நேராக அடிக்காமல் இருப்பது. இரண்டும் கிடைத்துவிட்டது. இந்தக் கதையைத் தமிழில் சொல்லிவிட்டு ‘இதுதான் மோதல்’ என்று முடித்துப் பாருங்கள். யார் யாரை மோதினார்கள் என்று கேட்பவர் தேடுவார்.

இப்போது பிணக்குக்கு வருகிறேன். பிணங்கு என்ற வினைக்குத் தமிழில் இரண்டு பொருள் உண்டு. ஒன்று, பின்னிக்கொள்ளுதல். செடிகொடி பின்னிக் கிடக்கும் தூற்றைச் சங்கப் புலவர்கள் பிணங்கு அரில் என்றார்கள். இன்னொன்று, மாறுபடுதல், மனம் கோணுதல். பிணை, பிணைப்பு, பிணையல் எல்லாம் இதன் உறவுகள்தான். மலையாளத்தில் பிணங்ஙுக என்பது இன்றும் வீட்டுப் பேச்சு. இரண்டு பேர் கோபித்துக்கொண்டு பேசாமல் இருந்தால் அங்கே பிணக்கம், திரும்பச் சேர்ந்தால் இணக்கம். நமக்கும் இணக்கம், பிணக்கு என்ற ஜோடி இருக்கத்தான் செய்கிறது, மேடையிலும் எதுகை மோனையிலும் மட்டும் எடுத்துப் பயன்படுத்துகிறோம்.

பின்னிக்கொள்வதும் மனம் கோணுவதும் ஒரே சொல்லில் இருப்பதைத்தான் நான் விட்டுக்கொடுக்க முடியாமல் பிடித்துக்கொண்டிருக்கிறேன். அந்த அம்மா சொன்னதை இன்னொரு தரம் யோசித்துப் பாருங்கள். தவணை ஓர் இழை, காதுகுத்து ஓர் இழை, குழாயடி வார்த்தை ஓர் இழை. எந்த இழையைப் பிடித்து இழுத்தாலும் மற்றது இறுகும். ‘தவணையைக் கட்டிட்டா சரியாப் போச்சு’ என்று ஒருவர் நடுவில் புகுந்து சொன்னாராம், ‘அப்ப நாங்க காசுக்காகத்தான் மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்கோமா’ என்று இன்னும் பெரிதாகிவிட்டதாம். இதற்கு மோதல் என்று பெயர் வைத்தால் யார் முதலில் இடித்தது என்றுதான் கேட்கத் தோன்றும். பிணக்கு என்றால் நுனி எங்கே இருக்கிறது என்று தேடத் தோன்றும். இன்னொன்று, மோதிக்கொள்ளும் இரண்டு லாரிக்கும் ஒன்றுக்கொன்று எந்த உறவும் இல்லை. பிணக்கு வருவதற்கு முதலில் ஒட்டும் உறவும் இருக்க வேண்டும். முன்பின் தெரியாதவரோடு யாரும் பிணங்குவதில்லை.

இது நம் மொழிக்கு மட்டும் உள்ள சிறப்பு என்று மார் தட்டவும் நான் வரவில்லை. ஜான் பால் லெடராக் என்பவர் மத்திய அமெரிக்காவில் சமரச வேலை செய்தவர். கோஸ்டா ரிகாவில் சாதாரண ஜனங்கள் தங்கள் சச்சரவைப் பற்றிப் பேசும்போது புத்தகச் சொல்லை விட்டுவிட்டு ‘என்ரேதோ’ என்று சொல்வதைக் கவனித்து எழுதியிருக்கிறார். ஸ்பானிய மொழியில் ரெத் என்றால் வலை, என்ரேதோ என்றால் வலை போலச் சிக்கிக்கொண்ட நிலை. மீனவர் வலையில் சிக்கு விழுந்தால் அறுத்தெறிய மாட்டார், உட்கார்ந்து பிரிப்பார், கிழிந்த இடத்தைத் திரும்ப முடைவார். லெடராக் அங்கே போய்க் கண்டெடுத்த சொல்லுக்கு நேரான சொல் நம்மிடம் ஈராயிரம் ஆண்டாகக் கிடக்கிறது, நாமோ ஆங்கில அகராதியைத் திறந்து வைத்துக்கொண்டு மோதலில் போய் நிற்கிறோம்.

ஒரு சொல் சரியா என்று பார்க்க எனக்கு ஒரு வழி உண்டு. அதோடு எந்த வினை தானாக வந்து ஒட்டுகிறது என்று கேட்டுப் பார்ப்பேன். மோதலை என்ன செய்வோம்? தவிர்ப்போம், தடுப்போம், போலீஸ் வந்து கலைக்கும். பிணக்கை? தீர்த்து வைப்போம். சிக்கை? எடுப்போம், பிரிப்போம், அவிழ்ப்போம். ‘மோதலை ஆக்கபூர்வமாகக் கையாளுதல்’ என்று ஒரு பாடத் தலைப்பு இருக்கிறது. படிக்கும்போதே பல்லில் கல் கடிபடுகிறது, ஏனென்றால் அந்த வினை அந்தப் பெயரோடு நிற்க மாட்டேன் என்கிறது. ‘பிணக்கைப் பக்குவமாகத் தீர்த்தல்’ என்று சொல்லிப் பாருங்கள்.

சிலர் முரண்பாடு என்பார்கள். இது மோதலைவிட எவ்வளவோ தேவலை. இலங்கையிலும் பரவலாகப் புழங்குகிறது. ஆனால் முரண்பாடு மனிதர்கள் இல்லாமலேயே இருக்க முடியும். ஒரு சாட்சியின் இரண்டு வாக்குமூலங்கள் முரண்படும், ஒரு கட்டுரையின் முதல் பத்தியும் கடைசிப் பத்தியும் முரண்படும். அங்கே வருத்தம், கோபம், ராத்திரி தூக்கம் வராமல் புரள்வது எதுவும் கிடையாது. ஓர் அதிகாரி தன் மைத்துனருக்கே ஒப்பந்தம் கொடுக்கிற மாதிரியான விஷயத்துக்கு நல முரண் என்பது அருமையான சொல், அதில் கைவைக்க வேண்டாம். அதேபோல நாடுகளும் படைகளும் என்றால் ஆயுத மோதல் என்றே இருக்கட்டும், அங்கே மோதத்தான் செய்கிறார்கள். ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு ஒரே தமிழ்ச் சொல்தான் என்று யார் சட்டம் போட்டது? கலைச்சொல் பட்டியல் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு கண்ட இடத்தில் எல்லாம் அதையே நிரப்பிக்கொண்டு போகிற பழக்கம் மொழிபெயர்ப்பாளர்களிடம் வந்துவிட்டது. அந்த வாக்கியத்தில் யார் யாரோடு பேசுகிறார்கள் என்று யாரும் நின்று பார்ப்பதில்லை. இதில் எனக்கு உண்மையிலேயே கோபம் உண்டு.

ஏனென்றால் இந்த விஷயத்தில் தமிழ் ஏழை இல்லை. மனத்தாங்கல், மனஸ்தாபம், கசப்பு, உரசல், பூசல், வம்பு, பகை என்று படிப்படியாகப் போகிறது. உரசலில் இருப்பவர்கள் இன்னும் பேசிக்கொள்கிறார்கள், கசப்பில் பேச்சு குறைந்துவிட்டது, பகையில் பேச வேண்டிய தேவையே போய்விட்டது. மனஸ்தாபம் வடசொல்லாயிற்றே என்று விரட்டுகிற ஆள் நான் இல்லை, எல்லோருக்கும் புரிகிற சொல்லை ஏன் விரட்ட வேண்டும்? வள்ளுவர் கணவன் மனைவி கோபத்திலேயே துனி, புலவி என்று இரண்டைப் பிரிக்கிறார். துனி முதிர்ந்தது, புலவி இளையது என்பது பரிமேலழகர் உரை. இரண்டும் இல்லாவிட்டால் காமம் மிகப் பழுத்த கனியும் முற்றாத கருக்காயும் போலப் பயன்படாது என்கிறது அந்தக் குறள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கோபித்துக்கொண்டால் காய் விடுவதும் சேர்ந்துகொண்டால் பழம் விடுவதும் எனக்கு அங்கே ஞாபகம் வரும். புலவி என்பது உப்பு மாதிரி, கொஞ்சம் நீள விட்டால் உப்பு மிகுந்தது போல என்று இன்னொரு குறள். எவ்வளவு நாள் பேசாமல் இருக்கலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான அளவை எந்தப் பயிற்சிக் கையேட்டிலும் நான் பார்த்ததில்லை.

ஒருவர் மனதுக்குள்ளேயே நடப்பதை ‘அக மோதல்’ என்று எழுதுவதையும் பார்க்கிறேன். மனப்போராட்டம் என்று ஊரே சொல்கிறதே. எதைத் தேர்ந்தாலும் கெடுதல் என்ற நிலைக்கு உளவியலில் தனிப் பெயர் உண்டு, குர்ட் லெவின் வகைப்படுத்தியவற்றில் ஒன்று அது. நாம் அதை இருதலைக் கொள்ளி எறும்பு என்று எப்போதோ சொல்லிவிட்டோம்.

மேலாண்மை பற்றியும் ஒரு வார்த்தை. கடைக்கு, மருத்துவமனைக்கு, பண்ணைக்கு மேலாண்மை சரி. அண்ணன் தம்பிக்கு நடுவில் இருக்கும் பிணக்கை மேலே உட்கார்ந்து ஆள்பவர் யார்? இலங்கையில் இதையே முகாமைத்துவம் ஆக்கியிருக்கிறார்கள், அதுவும் எனக்கு உவப்பில்லை. ஆனால் பிணக்கு விஷயத்தில் அவர்கள் நம்மைவிடத் தெளிவு. இங்கே 1947ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தொழில் தகராறுகள் சட்டம் என்று எழுதினோம், அங்கே 1950ஆம் ஆண்டுச் சட்டம் கைத்தொழில் பிணக்குகள் சட்டம். வழக்குகளைப் பேசித் தீர்த்து வைக்கும் அங்குள்ள மத்தியஸ்த சபைக்கு ஒரு விவகாரம் போனாலும் அது பிணக்குதான். ஆக, பழைய சொல், யாருக்கும் புரியாது என்ற வாதம் பாக் நீரிணையைத் தாண்டினால் நிற்காது. பிணக்கு என்றால் பிணம் போலக் காதில் விழுகிறது என்றும் ஒருவர் என்னிடம் சொன்னார். பிணையில் விடுதலை என்று தினமும் செய்தி கேட்கிறோம், அப்போது பிணம் நினைவுக்கு வருகிறதா?

அடுத்த பயிற்சிக்கான குறிப்பில் தலைப்பைப் ‘பிணக்கு தீர்த்தல்’ என்று மாற்றிக் கொடுத்துவிட்டேன். முதல் கேள்வியையும் மாற்றினேன்: “உங்களுக்குள் முகம் கொடுத்துப் பேசாமல் யாராவது இருக்கிறீர்களா? எத்தனை நாளாக?” பேனர் ஏற்கெனவே அச்சாகிவிட்டது, அதில் மோதல்தான் இருக்கும் என்று நேற்று போனில் சொன்னார்கள். கேள்வியையாவது மாற்றாமல் கேளுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.