ஷிக்கிக்கின்: அட்வான்ஸா, பிணையா?

ஜப்பானில் வாடகைக்கு வீடு தேடும் தமிழர் காதில் முதலில் விழும் சொற்களில் ஒன்று ‘ஷிக்கிக்கின்’. முதல் இகரத்தை அங்குள்ளவர்கள் பாதி விழுங்கிவிடுவதால் ‘ஷ்கிக்கின்’ என்றுதான் கேட்கும். சென்னைக்காரர் காதுக்கு ‘சிக்கிக்கினு’ என்று கேட்டாலும் பாதகமில்லை. வீட்டைக் காலி செய்யும் நாளில் பலர் சிக்கிக்கொள்வது இந்தச் சொல்லில்தான். இந்தியர்கள் நிறையக் குடியிருக்கும் தோக்கியோவின் நிஷிகசாய் பக்கம் போனால், நம்மவர் இதை ‘அட்வான்ஸ்’ என்று பெயர்த்து வைத்துக்கொண்டிருப்பார்கள். அந்தப் பெயர்ப்பே பாதித் தொல்லைக்குக் காரணம் என்பேன்.

சொல்லைப் பிரித்துப் பார்ப்போம். இரண்டு எழுத்து. பின்னெழுத்து ‘கின்’: பொன், பணம். முன்னெழுத்து ‘ஷிக்கி’: விரித்தல், பரப்புதல், அடியில் இடுதல். தரையில் விரித்துப் படுக்கும் மெத்தைக்கு ‘ஷிக்கிபுதோன்’ என்று பெயர். பொருளை வைத்து மூட்டை கட்டும் சதுரத் துணி ‘ஃபுரோஷிக்கி’. பாய் பரப்பிய கூடம் ‘ஸாஷிக்கி’. பள்ளிப் பிள்ளைகள் எழுதும் தாளுக்கு அடியில் வைக்கும் தகடு ‘ஷித்தாஜிக்கி’. எல்லாவற்றிலும் அதே ‘அடியில் விரித்தது’ இருக்கிறது. அப்படியென்றால் ஷிக்கிக்கின் என்பது ஒப்பந்தத்துக்கு அடியில் விரித்து வைத்த பணம். மேலே நடப்பது வாடகைக் கொடுக்கல் வாங்கல். அது தவறி விழுந்தால் தாங்கிக்கொள்ளக் கீழே இது.

எடோ காலத்தில் (1603–1868) இதே எழுத்துகளை ‘ஷிக்கிகனே’ என்று படித்தபோது, மணப்பெண் புகுந்த வீட்டுக்குக் கொண்டுவரும் பணம் என்ற பொருளும் இருந்தது. போன பணம் திரும்புமா என்ற கவலை அன்றே இச்சொல்லுக்குள் புகுந்துவிட்டது போலும்!

1896இல் வெளியான ஜப்பானிய உரிமையியல் சட்டத்திலேயே ஷிக்கிக்கின் என்ற சொல் வருகிறது. ஆனால் அது என்ன என்று சட்டம் சொல்லவில்லை; எல்லாருக்கும் தெரிந்ததுதானே என்று விட்டுவிட்டார்கள். நூறாண்டுக்கு மேல் நீதிமன்றத் தீர்ப்புகளே இலக்கணம் சொல்லிக்கொண்டிருந்தன. 2017இல் திருத்தம் நிறைவேறி, 2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த 622இன் 2ஆம் பிரிவில்தான் விளக்கம் ஏறியது. என்ன பெயரிட்டு வாங்கினாலும் சரி, குடித்தனத்தால் உண்டாகும் பணக் கடனுக்குப் பிணையாகக் குடியிருப்பவர் வீட்டுக்காரரிடம் கொடுக்கும் பணம் ஷிக்கிக்கின். ஒப்பந்தம் முடிந்து வீட்டையும் ஒப்படைத்த பிறகு, கடன் ஏதும் இருந்தால் அதைக் கழித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தர வேண்டும்.

அதே பிரிவில் இன்னொரு வரி இருக்கிறது. ‘பாக்கிக்கு அந்தப் பணத்தை எடுத்துக்கொள்ளுங்கள்’ என்று குடியிருப்பவர் கேட்க முடியாது. வீட்டுக்காரர் விரும்பினால் கழித்துக்கொள்ளலாம். நம்மூரில் கடைசி இரண்டு மாதம் வாடகை தராமல் ‘அட்வான்ஸ்ல கழிச்சுக்கோங்க சார்’ என்று சொல்வது சகஜம். வீட்டுக்காரரும் முனகிக்கொண்டே சம்மதிப்பார். அங்கே அது வாடகை பாக்கி. பாக்கிக்காரர் என்ற பெயரோடு சேதக் கணக்கைப் பேச உட்கார்ந்தால் குரல் எப்படி எடுபடும்?

ஆகவே ‘அட்வான்ஸ்’, ‘முன்பணம்’ இரண்டும் பொருந்தா. முன்பணம் என்பது பின்னால் தர வேண்டியதில் ஒரு பகுதியை முன்னால் தருவது. ‘அச்சாரம்’ பேச்சை உறுதிசெய்யத் தருவது. ‘ஒத்தி’ வேறு வகை: மொத்தமாகப் பணத்தைக் கொடுத்து வாடகையில்லாமல் குடியிருப்பது. ‘வைப்புத்தொகை’ என்றால் வங்கி வட்டிதான் நினைவுக்கு வரும். ‘டெபாசிட்’ என்ற சொல்லோ தேர்தல் மேடையில் ‘இழந்தார்’ என்ற வினையோடேயே வாழ்ந்து பழகிவிட்டது. இலங்கையில் தேர்தலுக்குச் சொல்லும் ‘கட்டுப்பணம்’ நல்ல சொல்தான், ஆனால் கட்டிய பணம் என்பதற்கு மேல் எதையும் சொல்வதில்லை.

என் வாக்கு ‘பிணைத்தொகை’க்கு. நீதிமன்றத்தில் பிணை கட்டியவர் சொன்னபடி வந்து நின்றால் பணம் திரும்புகிறது. இதற்கும் நியாயம் அதுவே. ஒரு சங்கடம் உண்டு. ஜப்பானில் பணத்தோடு ஆளும் கேட்பார்கள். ‘ஹொஷோனின்’ என்ற அந்த ஆளுக்குத் தமிழில் பிணையாள் என்றுதான் பெயர். உறவினர் இல்லாத வெளிநாட்டவர் பெரும்பாலும் உத்தரவாத நிறுவனத்துக்குக் கட்டணம் செலுத்தி ஆளுக்குப் பதிலாக அதை நிறுத்துகிறார்கள். பணம் பிணைத்தொகை, ஆள் பிணையாள் என்று கொண்டால் குழப்பம் வராது.

பக்கத்திலேயே ‘ரெய்க்கின்’ என்று ஒன்று நிற்கும். ‘ரெய்’ என்றால் மரியாதை, நன்றி. வீடு கொடுத்ததற்கு நன்றியாக வைக்கும் பணம், திரும்பாது. தமிழில் ‘காணிக்கை’ என்றால் முடிந்தது. உண்டியலில் போட்டதைக் கேட்டு யாரும் வழக்குப் போடுவதில்லை.

உண்மையான சண்டை ‘கென்ஜோ காய்ஃபுக்கு’ என்ற சொற்றொடரில். ‘கென்ஜோ’ மூல நிலை, ‘காய்ஃபுக்கு’ மீட்டல். சொல்லுக்குச் சொல் எடுத்தால் ‘வந்தபோது இருந்த நிலைக்குத் திருப்புதல்’. வீட்டு நிர்வாக நிறுவனத்தார் இந்த நேர்ப்பொருளைச் சொல்லித்தான் சுவர்த்தாள் முழுவதையும் மாற்றிய கணக்கை நீட்டுகிறார்கள். வேடிக்கை என்னவென்றால், ‘இப்போதுள்ள நிலை’ என்பதற்கும் அதே ஒலிதான், எழுத்து மட்டும் வேறு. எழுத்தைப் பார்க்காமல் காதால் மட்டும் கேட்கும் வெளிநாட்டவருக்கு இரண்டும் ஒன்று.

சட்டம் இந்த நேர்ப்பொருளை ஏற்கவில்லை. வழக்கமாகப் புழங்கியதால் வந்த தேய்மானமும் காலத்தால் வந்த மாற்றமும் குடியிருப்பவர் பொறுப்பல்ல என்கிறது, அதே 2020 திருத்தத்தில் வந்த 621ஆம் பிரிவு. அதற்கு முன்பே, 1998இல் அன்றைய கட்டுமான அமைச்சகம் வழிகாட்டி நெறிகளை வெளியிட்டது. 2004லும் 2011லும் அவை திருத்தப்பட்டன. கென்ஜோ காய்ஃபுக்கு என்பது வாடகைக்கு வந்த நாளின் நிலைக்குத் திருப்புவதல்ல என்று அதிலேயே எழுதியிருக்கிறது. மாத வாடகையில் தேய்மானத்தின் விலை ஏற்கெனவே அடங்கியிருக்கிறது என்பதே காரணம். இதற்குத் தமிழில் ‘முன்னிலை மீட்பு’ என்று அழகாக எழுதினால் அதே பழைய வலையில் விழுவோம். ‘பழுது நீக்கி ஒப்படைத்தல்’ என்பதே சரி.

தேய்மானம் வேறு, சேதம் வேறு. நகைக்கடையில் சேதாரத்துக்குப் பேரம் பேசிய அனுபவம் இங்கே கைகொடுக்கும். கட்டில் கால் பதிந்த பள்ளம், வெயிலில் வெளுத்த சுவர், குளிர்பெட்டிக்குப் பின்னால் படிந்த கருமை, காலண்டர் மாட்டிய குண்டூசித் துளை: இவை தேய்மானம், வீட்டுக்காரர் பாடு. உள்பலகை வரை போன ஆணித்துளை, சிகரெட் மஞ்சள், சொல்லாமல் விட்ட ஈரத்தில் பரவிய பூஞ்சை: சேதம், நம் பாடு. அடுப்படியில் துடைக்காமல் விட்ட எண்ணெய்ப் பிசுக்கும் நம் கணக்கில்தான் வரும். நாளும் தாளிக்கும் வீடுகள் இதைக் கவனிக்க வேண்டும்.

சேதம் என்றாலும் முழு விலை இல்லை. சுவர்த்தாளின் ஆயுள் 6 ஆண்டு. அதன் முடிவில் அதன் மதிப்பு 1 யென். புதுத் தாள் ஒட்டிய வீட்டில் 4 ஆண்டு இருந்தவர் ஒரு சுவரைக் கிழித்துவிட்டார் என்று வைப்போம். 10 சதுர மீட்டர், மீட்டருக்கு 1,200 யென் என்றால் 12,000. மிஞ்சிய ஆயுள் மூன்றில் ஒரு பங்கு, ஆக 4,000. அறை முழுதும் 40 சதுர மீட்டர் ஒட்டியதாக வரும் சீட்டில் 48,000 இருக்கும். பாய்த் தரையான ‘ததாமி’யின் மேல்விரிப்புக்கு இந்த ஆயுள் கழிவு கிடையாது, கெட்ட பாயைக் கணக்கிட்டு வாங்குவார்கள்.

வழிகாட்டி நெறிகள் சட்டமல்ல. ஒப்பந்தத்தில் ‘தொக்குயாக்கு’ என்ற தனி நிபந்தனை இருந்தால் கதை மாறலாம். தேய்மானத்தையும் குடியிருப்பவர் தலையில் போட வேண்டுமானால் எதெதற்கு என்று தெளிவாக எழுதியோ விளக்கியோ சம்மதம் வாங்கியிருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2005 டிசம்பரில் சொன்னது. ஆனால் கியோத்தோ, ஒசாகா பக்கத்தில் ‘ஷிக்கிபிக்கி’ என்று ஒரு வழக்கம் உண்டு. பிணைத்தொகையில் குறித்த பங்கைச் சேதம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் எடுத்துக்கொள்வார்கள். தொகை மிக அதிகமாக இல்லாதவரை அது செல்லும் என்று அதே நீதிமன்றம் 2011இல் தீர்த்தது. எனக்கு அந்தத் தீர்ப்பு உவப்பில்லை. பிணை என்று வாங்கியதைப் பாதி காணிக்கையாக்கும் வேலை அது.

காலி செய்யும் நாளின் கூட்டுப் பார்வைக்குத் ‘தச்சியாய்’ என்று பெயர், உடன் நிற்றல். நிர்வாக ஆள் சுவரைத் தடவிப் பார்த்து, படம் எடுத்து, கடைசியில் ஒரு தாளை நீட்டுவார். மொழி தெரியாதவர் அதை வருகைப் பதிவு என்று நினைத்துக் கையெழுத்திடுவதுண்டு. பெரும்பாலும் அது பழுதுச் செலவுக்கான சம்மதம். அங்கே கேட்க வேண்டிய சொற்கள் இரண்டு: ‘மெய்ஸாய்’, அதாவது இனவாரிக் கணக்கு, ‘கெய்க்கா நென்ஸு’, கழிந்த ஆண்டுகள். இரண்டாவதைச் சொன்னதும் எதிரில் நிற்பவர் நிமிர்ந்து பார்ப்பார்.

பேசித் தீராவிட்டால் 6 லட்சம் யென் வரையான தொகைக்குச் சிறுதொகை வழக்கு உண்டு. பெரும்பாலும் ஒரே அமர்வில் தீர்ப்பு, தாள்கள் ஜப்பானிய மொழியில். அதற்கு முன் நுகர்வோர் ஆலோசனைக்கு 188 என்ற எண். அந்த எண்களை ‘இ-யா-யா’ என்று படிக்கலாம். ஒசாகா பக்கப் பேச்சில் அதற்கு ‘மாட்டேன், போ’ என்று பொருள்.